எண்ணூர்க் கரையில் மஞ்சள் மண்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். மணலை எப்படிப் பிரிப்பது, எந்த அமிலத்தை எப்போது ஊற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலையை, நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உங்கள் இயந்திரம் முடித்துவிடுகிறது. அந்த இயந்திரத்துக்கு வராத ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் நாற்பது வயதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் மங்கிவிட்டது. இது மட்டும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

ஐம்பதுகளின் தொடக்கம். நான் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேதியியல் படித்த பெண் என்றால் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாள் என்று தெருவே முடிவு செய்து வைத்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தது தாதுப்பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடி அது. கீழே லாரிகள் உறுமும்போது மேலே தராசின் முள் ஆடும். முள் நிற்கும் வரை காத்திருந்து எடை பார்ப்போம்.

எங்கள் தலைமை வேதியியலர் அதிகம் பேசாதவர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். உயிரோடு இருந்தபோதே தன் படத்தைச் சுவரில் மாட்டவிடாத மனிதர். சோதனைக்கூடத்துக்கு ஒரு பெண் வருகிறாள் என்று மற்றவர்கள் முகம் சுளித்தபோது, ஜன்னலோரம் இருந்த நல்ல மேசையை எனக்குக் கொடுத்துவிட்டு, "வெளிச்சம் இங்கதான் நல்லா விழும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் மோனசைட் பைத்தியம் பிடித்திருந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாத ஒருவர் இருந்தால் அவருக்காகச் சொல்லிவிடுகிறேன். மோனசைட் என்பது கடற்கரை மணலில் கிடைக்கும் ஒரு கனமான மஞ்சள் தாது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று அருமண் தனிமங்கள் கூட்டாக அதில் குடியிருக்கின்றன. கூடவே கதிர்வீச்சு உள்ள தோரியமும் இருக்கிறது. அருமண் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பூமியில் அவை பரவலாகவே கிடக்கின்றன. ஒரே இடத்தில், அள்ளி எடுக்கத் தக்க அளவில் கிடைப்பதுதான் அருமை. சிகரெட் லைட்டரின் பொறிக்கல்லில் சீரியம் இருந்தது. கேஸ் விளக்கின் வலைத்திரியில் தோரியம் இருந்தது. சினிமாக் கொட்டகையில் படம் காட்டும் விளக்கின் கரிக்குச்சியில் அருமண் இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு, மோனசைட் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்றாகிவிட்டது. அணுசக்தி என்ற சொல் அப்போதுதான் புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது. திருவிதாங்கூர்க் கரையிலும் மணவாளக்குறிச்சியிலும் இருப்பது போல வேறு எங்கே இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் செல்லத்துரை எங்கள் படியேறி வந்தார். டோல்கேட் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். பூர்வீகம் மணவாளக்குறிச்சிக்கு அடுத்த ஊர். எண்ணூருக்கு அருகே ஒரு மீனவக் குப்பத்துக்கு ஆணியும் கயிறும் தூண்டில் முள்ளும் அவர் கடையிலிருந்துதான் போகும். ஒருநாள் அந்தக் குப்பத்துக்குப் போனவர், மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட மணல்மேட்டில் தேன் நிறத்தில் ஒரு பட்டையைப் பார்த்திருக்கிறார். சின்ன வயதில் தன் ஊரில் பார்த்த நிறம். ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளிக்கொண்டு நேராக எங்களிடம் வந்துவிட்டார்.

சோதித்தோம். கிட்டத்தட்ட முழுக்க மோனசைட். அப்படி ஒரு மாதிரியை அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. தலைமை வேதியியலர் தன் கையாலேயே மறுபடி செய்து பார்த்தார். அதே விடை. அறிக்கை மேலே போனது.

அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. கரையைச் சுற்றி வேலி போட வேண்டும் என்றார்கள். குப்பம் அங்கே இருக்க முடியாது, மேற்கே சடையங்குப்பம் பக்கம் தாழ்வான புறம்போக்கு இருக்கிறது, அங்கே இடம் தரலாம் என்றார்கள். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம் அது. கடல் கண்ணுக்கே தெரியாது. மீன் பிடிப்பவர்களை அங்கே கொண்டுபோய் வைப்பது என்று, அந்தக் கரையைக் கண்ணாலும் பாராத யாரோ வரைபடத்தில் விரல் வைத்து முடிவு செய்திருந்தார்கள். குப்பத்துக்கு நோட்டீஸ் போயிற்று. டெல்லியிலிருந்து பெரியவர்கள் வருவதாக நாளும் குறித்தாயிற்று. அவர்கள் வருவதற்கு முன்னால், படிவு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று குழி தோண்டிப் பார்க்க ஒரு சர்வே அதிகாரியை அனுப்பினார்கள். குழி மணலை அங்கேயே பார்த்துச் சொல்ல ஒரு வேதியியலர் வேண்டும். தலைமை வேதியியலருக்கு அப்போது ஆஸ்துமா தொந்தரவு. என்னைப் பார்த்து, "நீ போய்ட்டு வா" என்றார்.

ஜீப்பில் போய் இறங்கியபோது குப்பமே வெளியே வந்து நின்றது. சில குடிசைகளின் கூரை ஓலையை ஏற்கெனவே பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். போகச் சொல்லி அடிப்பதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்று நினைத்தவர்கள். வழிகாட்ட வந்திருந்த செல்லத்துரையைப் பார்த்ததும் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தலை குனிந்தபடியே நடந்தார்.

"இவங்க என்கிட்ட சாமான் வாங்கதையே விட்டுட்டாங்கம்மா. பத்து வருசப் பழக்கம். ஒரு நல்லது செஞ்சதா நெனச்சேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மணல் தோண்ட உள்ளூர் ஆள் ஒருவரும் வரவில்லை. ஜீப் ஓட்டுநரும் பியூனும்தான் மண்வெட்டி பிடித்தார்கள். செல்லத்துரை அள்ளிய இடத்தில் முதல் குழி. மேலே சாதாரண மணல் கொஞ்சம், அதற்குக் கீழே முழங்கால் ஆழத்துக்கு மஞ்சள். கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் பொரி பொரிவது போல் சத்தம் போட்டது. சர்வே அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் இளைஞர்தான். அவருடைய முதல் பெரிய வேலை அது.

கடல் பக்கமாகத் தோண்டிய அடுத்த குழியில் மஞ்சள் ஒரு விரல் கனத்துக்குத்தான் இருந்தது. வடக்கே, குடிசைகளை நோக்கித் தோண்டியதில் மறுபடி முழங்கால் ஆழம். அவர் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்து, குப்பத்தின் மேல் பென்சிலால் நீளமாக ஒரு வட்டம் போட்டார்.

"போதும் மேடம். குப்பத்துக்கு அடியிலதான் ஓடுது. இதுக்கு மேல தோண்டணும்னா குடிசைக்குள்ளதான் தோண்டணும். நாளைக்கு டெல்லிக்காரங்க வந்து இதைப் பாத்தாலே போதும். மாதிரி எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்."

நான் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை வெள்ளைத்தாளில் பரப்பி, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன் நிறத்தில் மணி மணியாக, கண்ணுக்கு அழகாக இருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. எது என்று பிடிபடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது முதுகுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்தது.

எழுந்து கடலோரம் போனேன். அலை ஏறி இறங்கும் இடத்தில் மணலில் கறுப்புக் கோடுகள் இருந்தன. எந்தக் கரையிலும் பார்த்திருப்பீர்கள். ஒரு பிடி எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், நிறமில்லாத சிர்கான். வழக்கமான கூட்டம். மஞ்சள் மணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குழிக்குத் திரும்பி வந்து பார்த்தேன். அங்கே மஞ்சள் மட்டும்தான் இருந்தது. கறுப்பே இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடல் மணலைப் பிரிப்பது கனத்தை வைத்துத்தான். லேசானதை அடித்துக்கொண்டு போகும், கனமானதை விட்டுவிட்டுப் போகும். மோனசைட்டும் இல்மனைட்டும் ஏறக்குறைய ஒரே கனம். எத்தனை ஆயிரம் ஆண்டுகள் அலை அடித்தாலும் அந்த இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியாது. மணவாளக்குறிச்சியிலேயே கரை கறுப்பாகத்தான் இருக்கும். மஞ்சள் அதற்குள் ஒளிந்திருக்கும். கறுப்பை முழுசாக விலக்கிவிட்டு மஞ்சளை மட்டும் ஒதுக்குவதற்குக் காந்தம் வேண்டும். ஆலையில் இருக்கிற பெரிய காந்தம்.

எங்கள் சோதனைக்கூடத்தில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். டின்னில் வந்த மண் அவ்வளவு சுத்தமாக இருந்ததால், கொண்டுவந்தவர் அலசிச் சுத்தம் செய்துதான் கொண்டுவந்திருப்பார் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம். தேடிக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவரிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செல்லத்துரை தனியாக ஒரு கட்டுமரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த டின் மண்ணை எங்ககிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடி அலசினீங்களா? காந்தம் ஏதாவது வச்சு எடுத்தீங்களா?"

"இல்லம்மா. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அள்ளினது அள்ளினபடியே கொண்டாந்தேன். உள்ளதத்தான் சொல்லுதேன்."

"உங்க ஊர்ல கரையில கிடக்கிற மண் இந்த நிறத்துலயா இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "கரையில கருமணல்தான். இந்த நெறத்துல நான் பாத்தது மணல் கம்பெனியில மூட்ட கட்டி வச்சிருந்ததைத்தான். ஏம்மா, அப்போ இது..." என்று இழுத்தார்.

அந்த நிமிடம் என் மனம் எப்படித் துள்ளியது என்று சொல்லத் தெரியவில்லை. இது படிவு இல்லை. எங்கேயோ ஆலையில் பிரித்து மூட்டை கட்டிய சரக்கு, இங்கே வந்து விழுந்திருக்கிறது. அப்படியானால் குப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மூச்சிலேயே பயம் வந்தது. காலையிலிருந்து அந்தப் பிரித்த கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மண் இங்கே இருக்கக்கூடாது என்று எனக்கு ஆசை. ஆசைப்படுகிறவள் கண்ணுக்கு ஆசைப்பட்டதுதான் தெரியும். சர்வே அதிகாரிக்கு இருக்க வேண்டும் என்று ஆசை, எனக்கு இருக்கக்கூடாது என்று ஆசை. எங்கள் இருவரில் யாரை நம்புவது?

அதனால் அவரிடமே போனேன். "சார், என் பேச்சை நம்பாதீங்க. நீங்களே பாருங்க" என்று இரண்டு தாளையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். ஒன்றில் அலையோர மணல், மற்றதில் குழி மண். வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல கறுப்பே இல்லையே," என்றார்.

"ஆமா. இயற்கையான படிவுன்னா இருக்கணும். சரக்குன்னா இருக்காது. சரக்குதான்னா ஒரு இடத்துல டக்குனு முடியணும். வடக்கே இன்னும் ஒரு குழி தோண்டிப் பாத்தா தெரிஞ்சுடும்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா நான் சொன்னது தப்பு. அதையும் எழுதிடலாம்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எங்கே தோண்டணும்?" என்று கேட்டார்.

தோண்ட வேண்டிய இடம் முதல் குடிசையின் வாசல். அங்கே பாயில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வருவதைப் பார்த்ததும், அந்த வீட்டுக்காரி வந்து பாய்க்கு முன்னால் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணியம்மா என்று பெயர். காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஐம்பது வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள்.

"இங்க தோண்ட வுடமாட்டேன்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அங்க தோண்டிக்கினீங்க, பாத்துக்கினு சும்மா இருந்தேன். இது என் வூட்டு வாசலு. உள்ள மருமவ நெற மாசமா கீறா. எங்களத் தொரத்தணும்னா நாளிக்குத் தொரத்து. இன்னிக்கு என் வாசல்ல குழி நோண்டாத."

அதிகாரி என் காதருகே, "விட்டுடலாம் மேடம். இருக்கிறதை வச்சே முடிச்சுக்கலாம்," என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. சண்டை வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் இருக்கிறதை வைத்து முடித்தால், பென்சில் வட்டம் அப்படியே நிற்கும்.

நான் கண்ணியம்மாவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இன்னா, நர்சம்மாவா?"

"இல்லக்கா. மண்ணு டெஸ்ட் பண்றவ. ராயபுரம்தான் நம்ம வூடு. நைனா ஆர்பர்ல வேல செய்யுது."

"ராயபுரமா?" அவள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். "ராயபுரத்துப் பொண்ணு எங்கள இஸ்துகினு போயி சடையங்குப்பத்துச் சேத்துல தள்ள வந்துகிறியா?"

"அக்கா, நெசத்த சொல்றேன். இந்த மண்ணு உங்க வூட்டாண்ட கீதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. அங்க ரெண்டு குழில கீது. அத்த வச்சிகினு, இங்கயும் கீதுன்னு எழுதப் போறாங்க. இங்க இல்லன்னு சொல்லணும்னா, இங்க தோண்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"தோண்டி, இருந்திச்சின்னா?"

"இருந்திச்சின்னா இருக்குதுன்னுதான் எழுதுவேன்."

பின்னால் நின்ற ஆண்களிடம் ஒரு சலசலப்பு. ஒருவன், "பாத்தியா, அல்லாரும் ஒண்ணுதான்" என்றான். கண்ணியம்மா கையை மட்டும் உயர்த்தி அவனை நிறுத்தினாள். என் கண்ணையே பார்த்தாள்.

"உன் மனசுல இன்னா கீது? அத்த சொல்லு."

"இருக்கக் கூடாதுன்னு கீது. ஆனா அத்த எழுத முடியாதுக்கா."

அவள் எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். "டேய், அந்தாண்ட முனைய புடி," என்று சலசலத்தவனிடம் சொன்னாள். இருவரும் மீன் சிந்தாமல் பாயைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அவனே போய் ஓட்டுநரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

மேல் மணல் போனதும் மஞ்சள் தெரிந்தது. கெய்கர் பெட்டி பொரிந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மண்வெட்டி இன்னும் கொஞ்சம் இறங்கியதும் எதிலோ சிக்கியது. அவன் குனிந்து கையால் இழுத்தான். கறுத்து மக்கிப்போன சாக்கு. அதன் மடிப்பில் மஞ்சள் மண் ஈரமாக அப்பிக் கிடந்தது. அதற்குக் கீழே துருப்பிடித்த இரும்புப் பட்டை ஒன்று, உளுத்த பலகைத் துண்டு. அதற்குக் கீழே கிளிஞ்சல் கலந்த சாதாரண மணல். கெய்கர் பெட்டியை உள்ளே இறக்கினோம், சத்தம் அநேகமாக ஓய்ந்துவிட்டது.

சர்வே அதிகாரி குழிக்குள் இறங்கி அந்தச் சாக்கைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தார். பிறகு குடிசையின் மறுபக்கம் போய், "இங்கேயும் ஒண்ணு" என்றார். அங்கே வெறும் மணல். இன்னும் வடக்கே போனோம். வெறும் மணல். மேற்கே, வெறும் மணல். இப்போது குப்பத்து ஆட்களே ஆளுக்கு ஒரு பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வரைபடத்தில் அவர் போட்ட நீண்ட வட்டம், ஒரு படகு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அந்தச் சரக்கு எப்படி அங்கே வந்தது என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. மூட்டை ஏற்றிய படகு ஒன்று எப்போதோ புயலில் கரையேறி உடைந்து, மணல் மூடியிருக்க வேண்டும். கல்கத்தாவுக்குப் போன சரக்காக இருக்கலாம். அறிக்கையில் அதைத் 'தெரியவில்லை' என்றே எழுதினோம்.

கிளம்பும்போது கண்ணியம்மா ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாம்மா ஆச்சு?" என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நான் வாயைத் திறந்து, நாளை மேலே யாராவது வேறு மாதிரி முடிவெடுத்துவிட்டால், அந்தக் குப்பத்தை இரண்டாவது தடவை குடிபெயரச் சொன்ன மாதிரி ஆகிவிடும். "நாளிக்கு நானே வந்து சொல்றேன்க்கா. அதுவரிக்கும் கூரையப் பிரிக்காதீங்க," என்று மட்டும் சொன்னேன்.

தலைமை வேதியியலர் அன்று வீட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். சாக்குத் துண்டையும், இரண்டு மண்ணையும் அவர் மேசையில் வைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தார். பழைய டின்னில் மிச்சம் இருந்ததையும் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்தக் கடைக்காரர்கிட்ட கேட்டியா?" என்றார். கேட்டேன், அலசவில்லையாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

டெல்லிக்காரர்கள் வருவதற்கு முன்பே, மறுநாள் காலையில் மேலிடத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் சர்வே அதிகாரியும் பின் வரிசையில் இருந்தோம். ஒரு பெரிய அதிகாரி கோபமாக, முதல் அறிக்கை வளமான மண் என்று சொன்னது, இப்போது ஒன்றும் இல்லை என்கிறீர்கள், இதற்கு யார் பொறுப்பு, குழியில் தவறாகப் பார்த்தது யார் என்று கேட்டார்.

தலைமை வேதியியலர் எழுந்தார். மூச்சு வாங்கியதால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"குழியில யாரும் தப்பாப் பாக்கலை. முதல் மாதிரி என் மேசைக்கு வந்தப்போ, அது எப்படி எடுத்ததுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம கையெழுத்துப் போட்டேன். பிழை என் மேசையில நடந்தது. நேத்து இவங்க ரெண்டு பேரும் அதைச் சரி பண்ணியிருக்காங்க. பெரியவங்க அங்க வந்து நின்ன பிறகு இது தெரிஞ்சிருந்தா, நமக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும்?"

கோபப்பட்ட அதிகாரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, என்னவோ பெரிய பாரம் இறங்கியது போல உஸ்ஸென்று மூச்சுவிட்டு, "நல்லவேளை," என்றார். வேலி போடும் யோசனை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. மிச்ச மண்ணை மட்டும் அள்ளி அரசாங்கத்திடம் சேர்க்கச் சொன்னார்கள். எல்லாம் ஒரே லாரியில் அடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் சர்வே அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. "என்னோட முதல் கண்டுபிடிப்பு மேடம், ஒரு படகு," என்றார். நானும் சிரித்துவிட்டேன். தலைமை வேதியியலர் எங்கள் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய நடை மட்டும் அன்று லேசாக இருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், எனக்கு இரண்டு தோன்றுகிறது. மிகச் சுத்தமாக ஒன்று கைக்கு வந்தால் கொண்டுவந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். படித்தவர்களுக்குக் கேட்பதில்தான் அதிக வெட்கம். இன்னொன்று, உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கட்டும். சாயக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சாயாதவரை நான் பார்த்ததில்லை. சாய்கிறது என்று தெரிந்தால், கண்ணாடியை எதிர்ப்பக்கம் சாய்கிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். கூடத்தில் உங்கள் தலைமேல் இடி விழும்போது முன்னால் எழுந்து நிற்கும் ஒரு மேலதிகாரி உங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். அது நம் கையில் இல்லை. நாளை நீங்கள் அந்த நாற்காலிக்குப் போவீர்கள், அப்போது நிற்பது உங்கள் கையில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து அன்று பிற்பகலே பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். பாதி வழியில் செல்லத்துரையின் கடையில் இறங்கி அவருக்கும் சொன்னேன். அவர் கடையைப் பையனிடம்கூட விடாமல், கதவை இழுத்துப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார். "நான் நேர்ல போய்ச் சொன்னாத்தான் அவங்க மொகத்துல முழிக்க முடியும்," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் குப்பம் முழுக்கச் செய்தி போய்விட்டது. முந்தைய நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண் அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்து அடுக்கியிருந்த ஓலைக்கட்டுகளை ஆண்கள் அவிழ்த்துக் கூரைமேல் எறிய, மேலே இருந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணியம்மா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். குழியை மூடித் தட்டிச் சமப்படுத்தியிருந்தாள்.

"அப்ப நாங்க இங்கியே இருக்கலாமா?"

"இருக்கலாம்க்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

நன்றி சொல்வாள், அழுவாள் என்று ஏதோ எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அத்த தூங்குது," என்றாள். "நோட்டீஸ் வந்ததுலேர்ந்து ஒரு ராத்திரி கண்ண மூடல. இப்பதான் படுத்துச்சு."

சத்தம் போடாமல் கூரை வேயச் சொல்லி ஆண்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, நாங்கள் மெதுவாக நடந்து வந்துவிட்டோம்.